யார் வீட்டு ஜாடி?

போன ஐப்பசியில் இரண்டு வாரம் பிள்ளையார்பாளையம் வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை பார்த்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங். நம் முறை வரும்வரை மைக்கை அணைத்துவிட்டு வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தது ஜாடிகள். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் தளத்தில் உள்ள நீர்வண்ணப் படங்கள். சாம்பல் நிற உப்புப் பளபளப்பு ஜாடி ஒன்று, வயிற்றில் கோபால்ட் நீலத்தில் ஒரு பறவை, இரண்டு பக்கமும் காது மாதிரிக் கைப்பிடி. திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருந்தேன்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா பின்னால் நின்று பார்த்தாள்.

"யார் வீட்டு ஜாடிடா இது?"

"வீட்டு ஜாடி இல்லம்மா, படம். பெயின்டிங்."

"படம்னு தெரியுது. யார் வீட்டுது? உள்ள என்ன போட்டு வெச்சிருந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா போய்ப் படுத்துவிட்டாள். நான்கு வருஷமாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன், நண்பர்களுக்கு அனுப்புகிறேன், ஒரு தடவை பெங்களூரில் பத்துப் பேர் கூடிய ஒரு கூட்டத்தில் பேசக்கூடச் செய்திருக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளும் எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அந்தப் படங்களைப் பற்றி. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வேலை போனபோது, ரூஸ்வெல்ட் அரசாங்கம் சாலை போட, பாலம் கட்ட ஆள் எடுத்தது போலவே ஓவியர்களையும் சம்பளத்துக்கு எடுத்தது. அந்தக் கலைத் திட்டத்தின் ஒரு கிளைக்கு 'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' என்று பெயர். 1935இல் தொடங்கி 1942 வரை நடந்தது. சாதாரண ஜனங்கள் புழங்கிய பொருட்களை, அதாவது ஜாடி, குடுவை, மெத்தைவிரிப்பு, பொம்மை, வாணலி, கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றை, ஒன்றொன்றாக நீர்வண்ணத்தில் வரைந்து பதிவு செய்வதுதான் வேலை. மொத்தம் 18,000 படங்களுக்கு மேல். 1943இல் அவை வாஷிங்டன் ஓவியக்கூடத்துக்குப் போயின. இன்று யார் வேண்டுமானாலும் முழு அளவில் இறக்கிக்கொள்ளலாம்.

ஏன் புகைப்படம் எடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்று, அன்றைய வண்ணப் புகைப்படத்தை நம்ப முடியாது. இன்னொன்று, வேலை கொடுக்க வேண்டியது ஓவியர்களுக்கு. மூன்றாவது காரணம் ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன், அதுதான் முக்கியம். உப்புப் பளபளப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். சூளை 1,200 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது மேலிருந்து கைப்பிடி கைப்பிடியாக உப்பை உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாக உட்காரும். அந்தப் பரப்பு வழவழப்பாக இருக்காது, ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி பொடிப்பொடியாகக் குழிந்திருக்கும். நெருப்பு பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் வேறு. கேமராவுக்கு இது வெறும் மினுக்கம். ஓவியர் ஒவ்வொரு குழியையும் பார்த்தாக வேண்டும். யோலாண்ட் டெலாசர் என்பவர் வரைந்த ஜாடிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒளிபடும் இடத்தில் வெள்ளைச் சாயமே இருப்பதாகத் தெரியவில்லை. வெறும் காகிதத்தை விட்டு வைத்திருக்கிறார். மெல்லிய பூச்சு, காய விட்டு அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. சூளையில் உப்புப் படலம் உட்கார்ந்தது போலவே காகிதத்தில் நிறம் உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்டனில் இந்த முறையைக் கற்றுக்கொடுத்த சூசன் சாப்மன், எகிப்தியப் பொருட்களை நகலெடுத்துப் பழகியவர். பிரமிடுக் காலத்துச் சுவர்களை நகலெடுக்க உருவான ஒழுக்கம் ஊறுகாய் ஜாடிக்கு வந்தது. எனக்கு இந்த விவரம் ரொம்பப் பிடிக்கும். ஃபாரோவுக்குக் கொடுத்த அதே மரியாதை, ஒரு விவசாயி வீட்டு உப்புக்கறிப் பாத்திரத்துக்கு. விளிம்பு உடைந்திருந்தால் உடைந்த மாதிரியே வரைந்தார்கள். விரிசலைக்கூட விடவில்லை.

இந்தப் படங்களை 'வெறும் நகல்' என்று ஒதுக்குபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வரைந்தவர்களில் பலர் தனக்கென்று பாணி வைத்திருந்தவர்கள், வேலை இல்லாமல் வந்தவர்கள். அந்தப் பாணியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். தன்னை அடக்கிக்கொண்டு ஒரு ஜாடியின் முன் வாரக்கணக்கில் உட்காருவது சின்ன விஷயம் இல்லை. நம் ஊரில் 'தனித்துவமான குரல்' என்று விமர்சனத்தில் எழுதி எழுதி, அது இல்லாமலும் நல்ல கலை உண்டு என்பதை மறந்துவிட்டோம்.

ஆனால் அம்மா கேட்டாளே.

திரும்ப அந்தப் படங்களைப் பார்க்கிறேன். ஜாடி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வெள்ளைக் காகிதத்தின் நடுவில் மிதக்கிறது. கீழே மெல்லிய நிழல் மட்டும். தரை இல்லை, அலமாரி இல்லை, அடுப்பங்கரை இல்லை. உள்ளே வைத்தது வெண்ணெயா, முட்டைக்கோஸா, பன்றிக்கறியா என்று வாசனைகூட இல்லை. உடைந்த விளிம்பு இருக்கிறது, உடைத்த கை இல்லை. வனைந்த கையும் இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்தோடும் ஒரு தகவல் தாள் உண்டு. பொருள் யாரிடம் இருந்தது, எங்கே செய்தது, எவ்வளவு உயரம் என்று அதில் குறித்தார்கள். 'யார் வீட்டு ஜாடி' என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பல சமயம் பதில் இருந்திருக்கும். ஆனால் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, தாள் பெட்டியில் கிடக்கிறது. நான் நான்கு வருஷமாகப் பகிர்ந்ததும் படத்தை மட்டும்தான்.

விடுபட்டது அதோடு நிற்கவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் மண்பாண்டம் இந்தத் தொகுப்பில் கிடையாது. அது மானுடவியல்காரர்களின் துறை என்று தள்ளிவிட்டார்கள். அந்த மண்ணின் மிகப் பழைய குயவர்களை விட்டுவிட்டு 'அமெரிக்க வடிவமைப்பு' என்று பெயர் வைத்ததை என்னவென்று சொல்வது. இன்னொரு பக்கம், தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் டேவிட் டிரேக் என்ற அடிமைக் குயவர் இருந்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தடை செய்து 1834இல் சட்டம் போட்ட மாநிலம் அது. அங்கே அவர் ஈர மண்ணில் தன் பெயரையும் தேதியையும் சில சமயம் இரண்டு வரிக் கவிதையையும் கீறிச் சூளையில் வைத்தார். ஜாடியின் மேல் இருக்கும் எழுத்து சில சமயம் ஜாடியைவிட முக்கியம். ஒரே கோணத்தில், அழகான பக்கத்தைப் பார்த்து வரையும் படத்தில் அது எந்தப் பக்கம் போகும்?

இந்த இடத்தில் நம் ஊர்ப் படங்களைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கு உதவியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்து ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த நீர்வண்ணப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். குயவரும் மனைவியும், நெசவாளியும் மனைவியும், கொல்லரும் மனைவியும் என்று ஜோடி ஜோடியாக, கையில் தொழில் கருவியோடு நிற்பார்கள். வெள்ளைக்காரர்கள் ஆல்பமாக ஊருக்கு எடுத்துப்போனார்கள். இவற்றில் ஒன்று அமெரிக்காவுக்கே போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரியை நடத்திவிட்டு மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டேனியல் பூர், 1837இல் 72 சாதிப் படங்கள் கொண்ட ஒரு ஆல்பத்தை இன்னொரு பாதிரியாருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார். இப்போது அது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர் எழுதியிருக்கிறது. பெயர் என்றால் ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர்.

இங்கே எல்லாம் தலைகீழ். அமெரிக்கப் படத்தில் பானை உண்டு, ஆள் இல்லை. நம் படத்தில் ஆள் உண்டு, பானை சும்மா அடையாளத்துக்கு. குயவர் என்று தெரிய ஒரு சக்கரம், நாலு சட்டி, போதும். அந்தச் சட்டியின் வாய் எப்படி மடிந்தது, தட்டிய தடம் தெரிகிறதா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆளாவது கிடைக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. ஒரே முகம், ஒரே நிற்கும் தோரணை, வேட்டியும் கருவியும் மட்டும் மாறுகிறது. சில வருஷம் முன்பு இதைப் பற்றி 'காலனியப் பார்வை' என்று வெடுக்கென்று ஒரு பதிவு போட்டு இருநூறு லைக் வாங்கியிருக்கிறேன். இப்போது அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் முகத்தில் இல்லாத கவனம் சேலைக்கரையில் இருக்கிறது. கரை எங்கே முடிகிறது, முந்தி எப்படி மடிகிறது, கட்டம் எத்தனை என்பதை அந்த ஓவியர்கள் பொறுமையாகப் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்களுக்கு அது தேவைப்பட்டதா என்று சந்தேகம்தான். வரைந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள், துணியைப் பார்க்கத் தெரிந்தவர்கள். அந்த இடத்தில் மட்டும் அவர்கள் தங்களுக்காக வரைந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இண்டெக்ஸ் கதையை மேலும் தோண்டியபோது எதிர்பாராத இடத்தில் வந்து முட்டினேன். அந்த யோசனையை முதலில் முன்வைத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் நியூயார்க் பொது நூலகத்தின் படத் தொகுப்பை நடத்திய ரொமானா ஜாவிட்ஸ். இன்னொருவர் துணி வடிவமைப்பாளர் ரூத் ரீவ்ஸ். திட்டத்தின் முதல் தேசிய ஒருங்கிணைப்பாளரும் ரீவ்ஸ்தான். இந்த ரூத் ரீவ்ஸ் 1956இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வருகிறார். அப்புறம் திரும்பிப் போய் வாழவே இல்லை. அகில இந்தியக் கைவினை வாரியத்தோடு வேலை செய்தார், மெழுகு வார்ப்பு முறை பற்றி 1962இல் டெல்லி கைவினை அருங்காட்சியகத்துக்காகப் புத்தகம் எழுதினார், 1966இல் டெல்லியிலேயே இறந்துபோனார். ஜாடிகளை வரையச் சொன்ன பெண்மணி கடைசிப் பத்து வருஷம் நம் நாட்டில் இருந்திருக்கிறார். நான் படித்த எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் இந்தப் பெயர் வரவில்லை.

அவர் காஞ்சிபுரம் வந்தார், நம் தறியைப் பார்த்தார் என்றெல்லாம் கதை கட்ட ஆசைதான். கட்டப்போவதில்லை. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1956இல்தான் புபுல் ஜெயகர் முன்னின்று நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கின. அதிலும் ஓவியர்களையே சம்பளத்துக்கு எடுத்தார்கள். கே.ஜி. சுப்ரமணியன் பம்பாயில் கைத்தறி வாரியத்தில் இருந்தார். சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு வேலை பார்த்தார். பாரிஸிலிருந்து திரும்பிய ஜோகன் சௌத்ரி 1968இலிருந்து 1972வரை சென்னையில் துணி வடிவமைப்பாளர். நவீன இந்திய ஓவிய வரலாற்றில் இவர்களுக்கு அத்தியாயங்களே உண்டு. பகலில் புடவைக்கரை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த அத்தியாயங்கள் ஒரு வரியில் தாண்டிவிடும், ஏதோ சிறையில் இருந்தது மாதிரி.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொரு காரியம் செய்தது. அசோக் மித்ரா தலைமையில், தலையெண்ணுவதோடு நிறுத்தாமல் கைத்தொழில்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூல்கள் போட்டார்கள். சென்னை மாநிலத்துக்கு பி.கே. நம்பியார் பொறுப்பு. அவற்றில் ஒன்று காஞ்சிபுரம் பட்டு நெசவு பற்றியது. அரசாங்க நடையில்தான் இருக்கும், அழகுக்கு எங்கேயும் நிற்காது. ஆனால் அம்மாவின் கேள்விக்கு அந்த வகை நூல்தான் கிட்டே வருகிறது. ஒருத்தர் என்ன செய்கிறார், யாரிடம் நூல் வாங்குகிறார், என்ன கூலி என்று கேட்கிறது. இண்டெக்ஸின் கண்ணும் சென்சஸின் காதும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தார். இதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

என் பெரியப்பா டிசைன் போடுகிறவர். தறியில் உட்கார்ந்ததும் உண்டு, ஆனால் முப்பது வருஷம் அவருடைய தொழில் கிராஃப் பேப்பரில் கட்டம் நிரப்புவது. தெரியாதவர்களுக்கு: ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு கொக்கியும் சில பாவு இழைகளைத் தூக்கும். கிராஃபில் குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஒரு கொக்கி, மேலே ஒரு வரிசை ஏறினால் ஊடை ஒருமுறை போகிறது. ஒரு வரிசைக்கு ஒரு அட்டை. சிவப்புக் கட்டம் இருக்கும் இடத்தில் அட்டையில் ஓட்டை போடுவார்கள், அங்கே ஜரிகை தெரியும். (ஜக்கார்டு அட்டையிலிருந்து கம்ப்யூட்டர் வந்தது என்ற கதையை இங்கே சொல்லமாட்டேன். என் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவனும் காஞ்சிபுரம் என்றதும் அதைத்தான் சொல்கிறான்.) மயில்கண், ருத்ராட்சம், இருதலைப்பட்சி, யாளி, மாங்காய் எல்லாம் பெரியப்பாவின் தாளில் சிவப்புப் படிக்கட்டுகளாக இருக்கும். கிட்டே பார்த்தால் கட்டம், கொஞ்சம் தள்ளி நின்றால் அன்னம் கழுத்தைத் திருப்பும். வளைவைக் கட்டத்தில் எங்கே உடைப்பது என்பதுதான் அவருடைய கலை. ஒரு கட்டம் தப்பினால் மயில் கோழி ஆகிவிடும் என்பார்.

கம்ப்யூட்டரில் டிசைன் வந்ததும் அவருக்கு வேலை குறைந்தது. 2016இல் அவர் இறந்தபோது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையத் தாள்கள் இருந்தன. ஒரு பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். இன்னொன்றில் மிச்சம் 41 தாள். அதை நான் எடுத்துக்கொண்டு, ஒரு டிசம்பர் விடுமுறையில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். அப்போதுதான் இண்டெக்ஸ் படங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். வெள்ளைக் காகிதத்தில் மிதக்கும் அந்தச் சுத்தம் எனக்குள் ஏறியிருந்தது. ஆகவே நான் என்ன செய்தேன் என்றால், ஓரங்களை வெட்டினேன். ஒரு சின்ன நிரல் எழுதி, கட்டங்கள் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை மட்டும் தானாகவே வெட்டி எடுக்க வைத்தேன். டீக் கறை, மசி, ஓரத்தில் கிறுக்கியது எல்லாம் போய்விட்டன. பளிச்சென்று 41 படங்கள். எல்லோரும் பாராட்டினார்கள். வெட்டாத கோப்புகளை இடம் அடைக்கிறதென்று அழித்தேன். தாள்களைத் திரும்பப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தோம். இரண்டாவது மழைக்காலத்தில் ஓடு வழியாகத் தண்ணீர் இறங்கி, பிரித்தபோது எல்லாம் ஒரே கட்டியாக, சிவப்பு மை வழிந்து கிடந்தது.

ஓரத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். கொக்கிக் கணக்கு, 120 என்றோ 240 என்றோ. எந்தத் தறிக்குப் போகிறது என்று நெசவாளியின் பெயர். ஆர்டர் கொடுத்த கடையின் பெயர். 'இவர் கேட்டு ஒரு கட்டம் குறைத்தது' என்கிற மாதிரிக் குறிப்பு. யாருக்கோ கொடுத்த கைமாற்று. பெரியப்பா தன் பெயரை எங்கேயும் எழுதினதில்லை, ஆனால் மற்ற எல்லோர் பெயரையும் எழுதியிருந்தார். டெலாசர் ஜாடியை வரைந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் எனக்குப் புரிகிறது. அவருடைய தாள் முடிந்துபோன பொருளின் படம். பெரியப்பாவின் தாள் இன்னும் நெய்யப்படாத ஒரு சேலைக்கான கடிதம், போட்டவருக்கும் அட்டை அடிப்பவருக்கும் நெய்பவருக்கும் நடுவில் போய்வந்த கடிதம். அதிலிருந்து உறவுகளை வெட்டிவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டவன் நான். 1930களின் அமெரிக்க அரசாங்கத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. அவர்களாவது தகவல் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது செய்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் 41 படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரியம்மாவிடம் காட்டுகிறேன். பெரியம்மாவுக்குக் கண் சரியில்லை, டேப்லெட்டை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் "தெரியலடா கண்ணா" என்றுதான் வருகிறது. சிலவற்றுக்குச் சரசரவென்று வருகிறது. பதினேழாவது படம், இரட்டை அன்னம், நடுவில் ஒரு வரிசை மட்டும் வித்தியாசமாகக் காலியாக இருக்கும். எனக்கு அது எப்போதும் அச்சுப்பிழை மாதிரித்தான் பட்டது.

"இதுவா? இது உங்கம்மா கல்யாணப் புடவைக்குப் போட்டது. ஜரிகை வெலை ஏறிப்போச்சுன்னு உங்க தாத்தா புலம்பினாரு. அதான் நடுவுல ஒரு வரி எடுத்துட்டாரு."

அம்மா உள்ளே ஊறுகாய் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புடவையை எடுத்து வரச் சொன்னோம். பீரோவின் அடித்தட்டில், வேட்டியில் சுற்றி இருந்தது. பெரியம்மா கரையை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க. தொட்டுப் பாரு."